தங்கவயலுக்கு வாரிசு யார்?

1802ஆம் ஆண்டு மாரிக்குப்பம் பகுதிக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் பொன் தேடி வந்தவர் அல்லர். எல்லை அளக்க வந்தவர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தானின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நிஜாமுக்கும் மீட்டெடுக்கப்பட்ட உடையார் அரசுக்கும் பங்கிடப்பட்டிருந்தது. மைசூரின் கிழக்கெல்லை எங்கே முடிகிறது என்று அளந்து குறிக்கும் பணியில் 33ஆம் காலாட்படையைச் சேர்ந்த வாரன் ஈடுபட்டிருந்தார். அப்போதுதான் இப்பகுதி மண்ணில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். பரிசு தருவதாக அறிவித்ததும் ஊர்மக்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே அரித்துக் காட்டினர். மாரிக்குப்பத்தில் ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கற்களைக் கூடையில் கைமாற்றி மேலேற்றுவதையும், பெண்கள் அவற்றைப் பாறையில் இடித்துத் தூளாக்கிக் கழுவுவதையும் அவர் குறித்துவைத்தார். அக்குழிகளில் உழைத்தோர் பறையர் குடியினர் என்பது அப்பதிவால் தெரியவரும் செய்தி.

கோலார் தங்கவயலின் நவீன வரலாறு இவ்வாறு ஓர் எல்லை அளவைப் பணியின் இடையே பிறந்தது. இதைத் தற்செயல் என்று கடந்துவிடலாம். ஆயினும் அடுத்த இருநூறு ஆண்டுகளில் அம்மண்ணில் வாழ்ந்தோரின் உரிமையையும் இழப்பையும் முடிவு செய்தவை பொன்னின் விலையும் எல்லைக்கோடுகளும் சேர்ந்தே எனலாம். முன்னதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. பின்னதைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஒரே பூசலில் சிக்கிக் கிடக்கிறது: இந்த மண் எந்த மொழியாருக்கு உரியது?

சமூக ஊடகங்களில் அப்பூசல் ஆண்டுக்கு ஒரு முறையாவது தலைதூக்குகிறது. ஒரு தரப்பு சோழர் கல்வெட்டைக் காட்டும். மறு தரப்பு கங்கர் தலைநகரைக் காட்டும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களின் தெலுங்கைச் சுட்டுவோரும் உண்டு. மூவரும் சொல்வதில் உண்மை உள்ளது. மூவரும் எழுப்பும் வினாதான் பிழையானது. ஓர் ஊரின் ஆட்சி கைமாறும்போது கேட்க வேண்டிய வினா, முந்தைய ஆட்சி அம்மக்களுக்குச் செய்துவந்த கடமைகளை யார் ஏற்றனர் என்பது. தங்கவயலின் அண்மைக்கால அவலம் முழுவதும் இந்த வினாவுக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் பழைய வரிசையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கோலாரின் பழம்பெயர் குவளாலம். மேலைக் கங்கரின் தொடக்கத் தலைநகர் அதுவே. தலைநகரம் தலக்காட்டிற்கு மாறிய பின்னரும் குவளாலபுரத்தின் தலைவர் என்ற பட்டத்தைக் கங்கர் விடவில்லை. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சோழர் படையெடுப்புக்குப் பின் இப்பகுதி நிகரிலிச்சோழ மண்டலம் ஆயிற்று. அதனுள் குவளால நாடு ஓர் உட்பிரிவாக நின்றது. கோலாரம்மன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அக்காலத்தவை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போசள விட்டுணுவர்த்தனன் சோழரை அகற்றினான். 1254ஐ ஒட்டிப் போசள நாடு இரு மைந்தரிடையே பிரிந்தபோது, கோலார்ப் பகுதி துவாரசமுத்திரத்தின் பங்கில் சேரவில்லை. தமிழ்ப் பகுதிகளை ஆண்ட இராமநாதனின் பங்கில் சேர்ந்தது. விசயநகர காலத்தில் அது முளுவாய் என்னும் முல்பாகல் இராச்சியத்தின் பகுதி. மதுரை மீது படையெடுத்த குமார கம்பணன் அங்கிருந்துதான் புறப்பட்டான். 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் கைக்கு வந்து, சிவாஜியின் தந்தை ஷாஜியின் ஜாகீருள் அடங்கியது. அந்நூற்றாண்டின் இறுதியில் முகலாயரின் சிரா சுபாவில் ஒரு பர்கானா ஆனது. ஹைதர் அலியின் தந்தை ஃபத்தே முகமது அங்குப் பௌஜ்தாராக இருந்தார். ஹைதர் பிறந்த பூதிக்கோட்டை தங்கவயலுக்கு அண்மையில் உள்ளது.

நாடு, மண்டலம், இராச்சியம், ஜாகீர், பர்கானா, தாலுகா என்று பெயர்கள் மாறின. ஆவண மொழியும் மாறியது. 1905இல் பி. லூயிஸ் ரைஸ் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகாவின் 10ஆம் தொகுதியைப் புரட்டுவோர், ஒரே மாவட்டத்துள் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்றிலும் கல்வெட்டுகள் அடுத்தடுத்து நிற்பதைக் காண்பர். இக்கல்வெட்டு மொழிகளை இன்றைய மாநில எல்லைகளுக்குச் சான்றாக்க முனைவது காலமுரண். நிகரிலிச்சோழ மண்டலம் என்ற பெயரைச் சூட்டியவர்கள் தமிழ் மாநிலம் ஒன்றை அமைக்கவில்லை. வென்ற நிலத்துக்கு வென்றவன் பெயரை இட்டார்கள். குவளால நாடு என்னும் உள்ளூர்ப் பெயரையோ அவர்களும் அழிக்கவில்லை. ஆட்சியின் மேல்தட்டு மாறியது. வரி தரும் நிலம், நீர் தரும் ஏரி, கோயில் மானியம் ஆகிய அடித்தட்டு ஏற்பாடுகளைப் புதியவன் ஏற்றுக்கொண்டான். ஏற்காவிடில் வரி வராது என்பது அவனுக்குத் தெரியும்.

ஆவணங்கள் செறிவாகக் கிடைக்கும் பிற்காலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனிக்குச் சென்றன. போரில் ஆங்கிலேயர் பிடித்திருந்த கோலார் மைசூருக்கே திரும்பியது. 1799இல் ஓசூர்ப் பகுதி கம்பெனியைச் சேர்ந்தது. அந்த ஆண்டின் பங்கீட்டு உடன்படிக்கையில், நாட்டை இழந்த ஹைதர், திப்பு குடும்பங்களின் பராமரிப்புக்கும் பொருள் ஒதுக்கப்பட்டது. 1831இல் மைசூரின் நிர்வாகத்தை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்டபோதும், மன்னருக்குரிய ஆண்டுத்தொகை நிற்கவில்லை. 1881இல் ஆட்சி மீண்டும் உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது எழுதப்பட்ட ஒப்படைப்பு ஆவணம், நடைமுறையிலிருந்த சட்டங்கள் தொடர வேண்டும் என்பது முதல் யார் மீது யாருக்கு நீதி அதிகாரம் என்பது வரை விரித்துரைத்தது. இந்த ஏற்பாடுகள் கருணையால் பிறந்தவை அல்ல. பெரும்பாலும் வென்றவரின் நலனையே காத்தன. ஆனால் ஆட்சி கைமாறினால் பழைய கடப்பாடுகளைப் பட்டியலிட்டு எவரேனும் ஏற்க வேண்டும் என்னும் நெறி அவற்றில் இருந்தது.

இந்த இடத்தில்தான் சுரங்கம் நுழைகிறது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் லாவெல் என்ற ஐரியர், வாரனின் பழைய குறிப்பைப் படித்து 1873இல் உரிமம் கோரினார், 1875இல் பெற்றார். அன்று மைசூரை ஆண்டது ஆங்கிலேய ஆணையரகம். உரிமம் படை அதிகாரிகள் குழுவொன்றுக்குக் கைமாறி, 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மைக்குள் வந்தது. அடுத்த ஆண்டே ஆட்சி உடையாரிடம் திரும்பியது. உரிமம் கொடுத்த அரசு ஒன்று, அதனால் ராயல்டி பெற்ற அரசு மற்றொன்று. நிலம் மைசூர் மன்னருடையது. இலாபம் லண்டன் பங்குதாரருடையது. உழைப்பு பெரும்பாலும் சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்களுடையது. ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமக்கள் மீதான நீதி அதிகாரமோ 1881 ஆவணத்தின்படி இந்தியத் தலைமை ஆளுநரிடமே தங்கிவிட்டது. சுரங்கக் கண்காணிப்பாளரும் அவருக்குக் கீழே வேலை செய்தவரும் ஒரே மண்ணில் நின்றும் ஒரே சட்டத்தின் முன் நிற்கவில்லை.

இத்தகைய பிளவுண்ட இறையாண்மைக்கு நடுவில், சுரங்க நிறுவனம் படிப்படியாக ஒரு நிர்வாகப் பிரிவாகவே வளர்ந்தது. பௌரிங்பேட்டையிலிருந்து வயலுக்கு இருப்புப்பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு அது 1905இல்தான் கிடைத்தது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என ஒவ்வொரு சுரங்கத்தைச் சுற்றியும் தொழிலாளர் லைன்கள் எழுந்தன. ஒருவர் எந்த ஊரார் என்று கேட்டால் கிராமத்தின் பெயரைவிட லைனின் பெயரே விடையாக வந்தது. வீடு, மருத்துவமனை, தண்ணீர்க் குழாய், காவல் ஆகிய அனைத்தும் கம்பெனியுடையவை. வெளியே, ரெசிடென்ட் டொனால்ட் ராபர்ட்சனின் பெயரால் அமைந்த ராபர்ட்சன்பேட்டை கடைவீதியையும் நகராட்சியையும் பெற்றது. சுரங்க எல்லைக்கு உள்ளே வாழ்ந்தவருக்கு அன்றாட அரசு என்பது கம்பெனியே.

அது இனிய அரசு அன்று. 1930இல் தொழிலாளர் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது வெடித்த 21 நாள் வேலைநிறுத்தம், அவ்வரசின் இயல்பைக் காட்டும். பொன் திருட்டைத் தடுப்பது நோக்கம் எனப்பட்டது. குற்றவாளிகளுக்கு உரிய முறையால் எண்ணப்படுவதைத் தொழிலாளர் ஏற்கவில்லை. இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. சட்டம் மைசூர் சமஸ்தானத்தினுடையது. தேவை ஆங்கிலக் கம்பெனியினுடையது. கைரேகை சென்னை மாகாணத்திலிருந்து வந்த குடிகளுடையது. மூன்று ஆட்சிகள் ஒரு கட்டைவிரலில் சந்தித்தன.

விடுதலைக்குப் பின் இரண்டு மாற்றங்கள் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டன. அக்கம்பக்கத்து ஊர்களின் கதியை எண்ணினால் அக்காலத்தின் நிலையின்மை விளங்கும். முன்பு வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த சித்தூர் 1911இல் தனி மாவட்டமாகி 1953இல் ஆந்திரத்துடன் சென்றது. அம்மாவட்டத்தின் திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் 1956இல் மைசூரைச் சேர்ந்தது. ஓசூர் சேலத்திலேயே நின்றது. கோலார் மைசூரிலேயே நின்றது. அதே நவம்பர் மாதத்தில் தங்கச் சுரங்கங்களை மைசூர் அரசு கையகப்படுத்தியது. 1962இல் அவை ஒன்றிய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. இம்மூன்று கைமாற்றங்களிலும் தொழிலாளியின் வேலையும் வீடும் தண்ணீரும் மருத்துவமனையும் புதிய உரிமையாளருடன் தொடர்ந்தன. பெயர்ப்பலகை மாறிற்று, கடப்பாடு அறுபடவில்லை.

அறுபட்டது 2001இல். பிப்ரவரி மாத இறுதியுடன் சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன்னைத் தந்து, 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கங்களில் நீர் நிறைந்தது. தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டது என்றே அச்செய்தி படிக்கப்பட்டது. இன்றும் அவ்வாறே படிக்கப்படுகிறது. வரலாற்று நோக்கில் அது போதாத வாசிப்பு. அங்கே வீழ்ந்தது ஓர் ஆட்சி. வீடு கொடுத்த, தண்ணீர் கொடுத்த, தெருவிளக்கு எரித்த, மக்களை லைன்வாரியாக எண்ணிவைத்த ஓர் அமைப்பு, வாரிசு குறிக்கப்படாமல் முடிவுற்றது. கங்கர் முதல் கம்பெனி வரை வந்துபோன எல்லா ஆட்சிகளுக்கும் வாரிசு இருந்தது. சுரங்கத்துக்கு மட்டும் இல்லை.

இதற்கு மறுப்பு ஒன்று எழக்கூடும். சுரங்கம் ஒரு நிறுவனமே. அது அரசு அன்று. தொழிலாளர்க்குப் பணிமுடிவுத் தொகை அறிவிக்கப்பட்டது. குடிமக்களுக்கு மாநில அரசும் நகராட்சியும் எப்போதும் இருந்தனவே என்பர். தொகை அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் பணிமுடிவுத் தொகை வேலை என்னும் உறவைத் தீர்க்கும். குடியிருப்பு என்னும் உறவைத் தீர்க்காது. நான்கு தலைமுறையாக ஒரு லைனில் வாழ்ந்த குடும்பம் தொழிலாளர் பட்டியலிலிருந்து நீங்கினாலும் அந்த லைனிலேயே இருக்கிறது. அந்த வீடு யாருடையது என்ற வினா கால் நூற்றாண்டாகத் தீரவில்லை. வீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்றித்தர வேண்டும் என்னும் கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. மாநில அரசு இருந்தது என்பதும் பாதி உண்மையே. சுமார் 12,000 ஏக்கர் நிலம் மூடப்பட்ட ஒன்றிய நிறுவனத்தின் பெயரில் தங்கியிருக்கும்போது, அந்நிலத்தின் மீதுள்ள தெருவுக்குச் சாக்கடை அமைப்பது யார் பொறுப்பு என்று ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்ட முடிகிறது.

இன்றைய நிர்வாக வரைபடத்தை விரித்துப் பார்த்தால் குழப்பம் கண்கூடு. வருவாய்த்துறைக்குத் தங்கவயல் 2018 வரை பங்காருபேட்டை வட்டத்தின் ஒரு பகுதி. பின்னரே தனி வட்டம். காவல்துறைக்கு அது தனி மாவட்டம். உள்ளாட்சிக்கு அது ராபர்ட்சன்பேட்டை நகராட்சி. சட்டமன்றத்துக்கு அது ஒரு தனித்தொகுதி. நிலவுரிமைக்கு அது ஒன்றியச் சுரங்க அமைச்சகத்தின் கீழுள்ள, இயங்காத ஒரு நிறுவனம். இந்த ஐந்து கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. பொருந்தாத இடைவெளிகளில் மனிதர் வாழ்கின்றனர்.

எல்லைக்கோடு எத்துணைக் கூர்மையாக வாழ்வைத் தொடும் என்பதற்கு மொழியுரிமை ஓர் எடுத்துக்காட்டு. மாநிலச் சீரமைப்பின்போது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மொழிச் சிறுபான்மையோர் பாதுகாப்புக் குறிப்பும், அதனைத் தொடர்ந்து 1961இல் முதலமைச்சர்கள் மாநாடு ஏற்ற நெறியும், ஒரு மாவட்டத்திலோ வட்டம், நகராட்சி போன்ற சிறு பிரிவிலோ 15 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒரு சிறுபான்மை மொழியைப் பேசினால், முக்கிய அரசு அறிவிப்புகள் அம்மொழியிலும் வெளிவர வேண்டும் என்கின்றன. தங்கவயல் நகரத்தில் தமிழ் பேசுவோர் மிகுதி என்பதை அங்கு ஒரு காலைப்பொழுது நடந்தவரும் அறிவர். ஆனால் நெறி கேட்பது நடந்து கண்ட உண்மையை அன்று. ஒரு பிரிவின் விழுக்காட்டை. கோலார் மாவட்டத்தை அலகாகக் கொண்டால் கிடைக்கும் எண் வேறு; பங்காருபேட்டை வட்டத்தைக் கொண்டால் வேறு; 2018க்குப் பின் தங்கவயல் வட்டத்தைக் கொண்டால் வேறு. மக்கள் நகரவே இல்லை. அவர்களைச் சுற்றி வரையப்படும் கோடு நகர்ந்தது. கல்வெட்டைக் காட்டி மண்ணுரிமை பேசுவோர், இந்தக் கோடுகளைப் பற்றி ஒரு மனு எழுதியிருந்தால் அம்மக்களுக்குப் பயன் கூடுதலாக இருந்திருக்கும்.

கோடு நகர்ந்து மக்கள் நகராத அனுபவம் தங்கவயலுக்கு மட்டும் உரியது அன்று. செருமானியச் சிற்றூர்களின் வரலாற்றைப் படிப்போர்க்கு இது பழகிய காட்சி. தூய ரோமானியப் பேரரசின் கடைசி ஆண்டுகளில், மடாலயத்துக்கோ ஆயருக்கோ உரியதாக இருந்த எண்ணற்ற ஊர்கள் ஒரே நாளில் பக்கத்து மன்னரின் உடைமையாயின. 1803இல் ரேகன்ஸ்பர்க்கில் நிறைவேறிய பேரரசுத் தீர்மானம் அதனைச் சட்டமாக்கியது. அது நிலப்பறிப்பே. ஆயினும் அந்தத் தீர்மானத்திலேயே, நிலத்தைப் பெறும் மன்னர் அகற்றப்பட்ட துறவியர்க்கும் அலுவலர்க்கும் பணியாளர்க்கும் ஓய்வூதியம் தர வேண்டும் என்ற விதிகள் இடம்பெற்றன. நிலத்தை எடுத்தவன் கடனையும் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

சுரங்கமும் இறையாண்மையும் பிரிந்து நின்ற சார் பள்ளத்தாக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமை. முதல் உலகப் போருக்குப் பின் அங்கு நிலக்கரிச் சுரங்கங்கள் பிரான்சுக்கும் ஆட்சி உலக நாடுகள் சங்கத்துக்கும் தரப்பட்டன. 1935இல் மக்கள் வாக்கெடுப்பால் அப்பகுதி செருமனிக்குத் திரும்பியபோது, சுரங்கங்களை விலை கொடுத்து மீட்கும் ஏற்பாடு தனியே எழுதப்பட்டது. நம் காலத்து எடுத்துக்காட்டு ரூர். அங்கு நிலக்கரிச் சுரங்கத் தொழில் முடிவுக்கு வரும் என்று உணர்ந்து, 2007இலேயே ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது; அடுத்த ஆண்டிலிருந்து சுரங்க நீரை இறைப்பதும் நிலத்தடி நீரைக் காப்பதும் ஆகிய முடிவில்லாச் செலவுகளை அவ்வறக்கட்டளை ஏற்றது. மூடுவதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்பே வாரிசு குறிக்கப்பட்டது என்பதே இங்கு நோக்கத்தக்கது. செருமனி செல்வ நாடு. அதனால் முடிந்தது என்று சொல்லிவிடலாம். செல்வம் ஒரு காரணம்தான். ஆனால் சுரங்கம் மூடப்படுவதை ஆட்சிமாற்றத்துக்கு ஒப்பான நிகழ்வாக அங்கு கருதினர். இங்கு அதைக் கணக்கு முடிப்பாகக் கருதினர்.

இந்த வேறுபாடு கடந்த கால ஆராய்ச்சிக்கு மட்டும் உரியது அன்று. தங்கவயலின் சயனைடு மேடுகளில் இன்னும் பொன் எஞ்சியிருக்கிறது. அரைத்துப் பொன் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட சாம்பல்நிற மண் அது. கோடைக் காற்றில் அதன் தூசு குடியிருப்புகள் மீது படிவது அங்கு வளர்ந்த எவரும் அறிந்த ஒன்று. ஏறத்தாழ 1,003 ஏக்கரில் நிற்கும் 13 மேடுகளில் மீண்டும் பொன் எடுக்க முனையும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. சுரங்க நிலத்தின் ஒரு பகுதியில் தொழிற்பேட்டை அமைக்கும் பேச்சும் நடக்கிறது. அதாவது, வாரிசு இல்லாமல் கிடந்த சொத்துக்கு இப்போது உரிமை கோருவோர் வருகின்றனர். மேட்டிலுள்ள பொன்னுக்கு வாரிசு உண்டு. அம்மேட்டின் தூசைச் சுவாசித்தவருக்கு வாரிசு உண்டா என்பதை இப்போது கேட்காவிடில் இனி எப்போதும் கேட்க இயலாது. ஏலம் எடுப்பவர் ஒப்பமிடும் ஆவணத்தில், 1799இலும் 1803இலும் மன்னர்கள் கூட எழுத நேர்ந்த அந்தப் பத்தி இடம்பெற வேண்டும்: பழைய குடியிருப்புகளின் பட்டா, குடிநீர், நுரையீரல் நோயுற்ற முன்னாள் தொழிலாளரின் மருத்துவம், மண்ணை நிலைப்படுத்தும் பணி ஆகியவற்றை யார், எந்த நிதியிலிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு ஏற்பர் என்பது.

இதில் ஆய்வுலகுக்கும் ஒரு கடமை உண்டு. தங்கவயலைப் பற்றிய ஆவணங்கள் ஆட்சிகளைப் போலவே சிதறிக் கிடக்கின்றன. மைசூர் அரசின் கோப்புகள் பெங்களூரில். சென்னை மாகாணக் கோப்புகள் சென்னையில். ஒன்றிய அரசின் கோப்புகள் தில்லியில். இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் லண்டனில். மூடப்பட்ட நிறுவனத்தின் பதிவேடுகளில் தொழிலாளியின் பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், லைன் எண் ஆகியவை இருக்கும். மாநில அடிப்படையில் ஆய்வு செய்பவர் ஒரு கூடத்தை மட்டும் பார்க்கிறார். ஆகவே அவர் எழுதும் வரலாற்றில் சுரங்கத் தொழிலாளர் ஒன்று வெளியிலிருந்து வந்து சேர்ந்தவராகவோ, இங்கிருந்து சென்று மறைந்தவராகவோ மட்டுமே தோன்றுவர். வடஆர்க்காட்டு வரலாற்றில் அவர்கள் போனவர்கள். கோலார் வரலாற்றில் வந்தவர்கள். எங்கும் இருந்தவர்கள் அல்லர்.

இதனைத் திருத்த, ஆராய்ச்சியின் அலகை மாற்ற வேண்டும். மாநிலத்தையும் மொழியையும் அலகாகக் கொள்வதை விட்டு, மாரிக்குப்பம், ஊரிகம், பேத்தமங்கலம் என ஒவ்வோர் ஊரையும் எடுத்து, எந்தெந்த ஆண்டில் எந்த நாட்டில், எந்த வட்டத்தில், எந்த நீதிமன்ற எல்லையில் இருந்தது என்று அட்டவணைப்படுத்துவது முதல் வேலை. நிறுவனப் பதிவேடுகளை ஈரமும் கரையானும் முடிப்பதற்குள் படியெடுத்து, தொழிலாளர் குடும்பங்கள் கேட்டுப் பெறத்தக்க பொது ஆவணமாக்குவது அடுத்த வேலை. குடியிருப்புச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் அலையும் ஒருவருக்குத் தாத்தாவின் பெயர் பதிந்த ஒரு சுரங்கப் பதிவேட்டுப் பக்கம், ஆயிரமாண்டுக் கல்வெட்டைவிடப் பயன்படும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இணைந்து செய்யத்தக்க பணி இது. இதற்கு எந்த மொழியாரும் எந்த மொழியாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டியில் இன்று ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்; இரவில் திரும்பி, இன்னும் தம் பெயரில் இல்லாத வீடுகளில் உறங்குகின்றனர். சுரங்கத்துக்காக இட்ட பாதை, சுரங்கம் போன பின்னும் அவர்களைச் சுமக்கிறது. 1802இல் வாரன் அளந்த எல்லை எங்கோ கிழக்கில் ஆந்திர எல்லையாக நிற்கிறது. அன்று குழிக்குள் கூடையைக் கைமாற்றியவர்களின் பெயரை அவர் எழுதவில்லை. எழுதுவது அவர் பணியும் அன்று. இன்று அந்தப் பெயர்கள் எழுதப்பட்ட பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றை யார் பொறுப்பில் எடுப்பது என்பதை முடிவு செய்ய, மேடுகள் ஏலம் போகும் நாள் வரைதான் அவகாசம்.